பழைய ஓட்டு வீட்டு மரவேலை: தூண், உத்திரம், கைமரம், பலகைத் தளம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் முற்றம் வைத்த இரண்டு கட்டு, மூன்று கட்டு வீடுகளைப் பராமரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. வெயிலும் மழையும் படும் மரத்தைப் பற்றித்தான் பேச்சு: திண்ணை, தாழ்வாரத் தூண்கள், கூரை மரங்கள், வெளிப் பலகைத் தளம். ஒரு பதில் இன்னொன்றைச் சார்ந்திருக்கும் இடங்களில் கேள்வி எண்ணைக் கொடுத்திருக்கிறோம்.

1. மரம் நல்லா இருக்கா, உள்ளுக்குள்ள கெட்டுப் போயிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவர், சின்னச் சுத்தியல், டார்ச் லைட், சாக்பீஸ் போதும். நான்கு இடங்களை முதலில் பாருங்கள்: தூணின் அடி ஆறு அங்குலம், இறவாணத்தில் (கூரையின் கீழ் ஓரம்) நீட்டிக்கொண்டிருக்கும் கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) நுனி, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடம், கூடல்வாய்க்கு (இரண்டு கூரைச் சரிவு சேரும் மூலை) நேர் கீழே உள்ள மரம். பத்தில் ஒன்பது வீட்டில் கேடு இந்த நாலில் ஒன்றில்தான் இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரைக் கையால் அழுத்துங்கள். வைரம் (மரத்தின் முற்றிய உள்பகுதி) பாய்ந்த தேக்கில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. முனையால் ஒரு சிம்பை நெம்பியும் பார்க்கலாம்: நல்ல மரம் நீள நாராகக் கிழியும், அழுகிய மரம் ரஸ்க் மாதிரி பொட்டெனக் குட்டையாக ஒடியும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்ற ஓசை மந்தமாக மாறும் எல்லையைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் சொல்லும். பெயிண்ட் அடித்த தூணில் கண்ணை நம்பாதீர்கள்; மேல்தோல் பளபளவென்று இருக்க, உள்ளே வெறும் கூடாக இருக்கும்.

2. எண்பது வருஷ மரம். ஆயுசு முடிஞ்சிருக்காதா? மொத்தமா மாத்திடலாமா?

ஈரம் படாத தேக்கு உத்திரத்துக்கு எண்பது வருடம் ஒன்றுமில்லை. மரத்தை அழுகவைக்கும் பூஞ்சணம் வளர, மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாக் காற்றே ஈரம்தான். ஆனாலும் காற்றோட்டம் உள்ள மரம் தையில் காய்ந்துவிடும். ஓட்டு ஒழுகல், சிமெண்டுக்குள் புதைந்த அடி, சுவருக்குள் காற்றில்லாமல் அடைபட்ட உத்திர முனை ஆகிய இடங்களில் மட்டும் ஈரம் வருடம் முழுக்கத் தங்கும்.

அதனால் மொத்தமாக மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. பழைய வீட்டில் கிடைத்த முற்றிய தேக்கை எடுத்துவிட்டு, வெளிறு (வைரமாகாத வெளிப்பகுதி) நிறைந்த இளம் தேக்கை வைப்பது நஷ்டமும்கூட. கூரை ஒழுகலை நிறுத்துவது முதலில், தூண் அடியை உலர்த்துவது அடுத்து, கெட்ட பகுதியை மட்டும் மாற்றுவது மூன்றாவது, எண்ணெயும் பெயிண்டும் கடைசி. நிறையப் பேர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

3. இந்த வேலைக்கு எந்த மாசம் நல்லது?

மாசி முதல் வைகாசி வரை. மார்கழிப் பனி விட்டபின் மரம் உலர ஒரு மாதம் கொடுங்கள். ஆடிக் காற்றில் ஓட்டைப் பிரிக்காதீர்கள். புரட்டாசிக்கு மேல் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

4. தாழ்வாரத்துக்கு டைல்ஸ் போட்ட பிறகுதான் தூண் அடி கெட ஆரம்பிச்சுது. டைல்ஸுக்கும் தூணுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். பழைய கொத்தனார் தூணை மண்ணில் நடவில்லை. கருங்கல் மேல் நிறுத்தினார். தரையைக் கழுவினாலும் சாரல் அடித்தாலும் தண்ணீர் கல்லோடு நின்றுவிடும். தெருச் சாலை உயர உயர, வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதென்று தரையை மேடாக்கி, கான்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டும்போது அந்தக் கல் புதைந்துபோகிறது. மரத்தின் அடி சிமெண்டுக்கு நடுவில் கிண்ணத்தில் வைத்ததுபோல் சிக்கிக்கொள்ளும். மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும் வேகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு அதிகம். தினம் மாப் போடும் தண்ணீரே போதும்.

டைல்ஸ் மட்டம் கல்லின் தலைக்குச் சமமாகவோ கீழாகவோ இருந்தால், தூணைச் சுற்றி மரத்தைத் தொடும் சிமெண்டை மட்டும் கொத்தி எடுத்து, வெளிப்பக்கம் சரிவாகப் பூசினால் போதும். கல் முழுக்கப் புதைந்திருந்தால் சுற்றிப் பள்ளம் தோண்டாதீர்கள், அதில் தண்ணீர் நிற்கும். தூணின் அடியை வெட்டி, தரைக்கு மேல் தெரியும்படி புதுக் கல் வைப்பதுதான் வழி. செய்முறை 7ஆம் கேள்வியில். இனிமேல் தரை உயர்த்தப் போகிறவர்கள், தூணுக்கு ஏற்பாடு செய்யாமல் கான்கிரீட்டைக் கொட்ட விடாதீர்கள்.

5. மரத்துல தூள் கொட்டுது. கறையானா, வண்டா?

மண் தெரிந்தால் கறையான். மாவு தெரிந்தால் வண்டு. கறையான் ஈரம் தேடி மண்ணிலிருந்து வருகிறது. சுவரிலும் தூணிலும் பென்சில் கனத்துக்கு மண் பாதை கட்டும். வண்டு மரத்துக்குள்ளேயே வளர்ந்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளை போட்டு வெளியேறும். கீழே மைதா போல் மாவு கொட்டிக் கிடக்கும். பெரும்பாலும் வெளிறுப் பகுதியைத்தான் தின்னும், வைரத்தில் அதிகம் கை வைக்காது. அதனால் பழைய தேக்கில் வண்டுத் துளை இருந்தால் உடனே பதறவேண்டாம். துளை பழையதா, மாவு புதிதாகக் கொட்டுகிறதா என்று கீழே கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் பாருங்கள்.

மழை விட்ட மாலையில் வீட்டுக்குள்ளேயே சுவர் இடுக்கிலிருந்து ஈசல் கிளம்பினால் கறையான் கூட்டம் வீட்டை ஒட்டியே இருக்கிறது என்று பொருள். அது உடனே கவனிக்க வேண்டிய விஷயம்.

6. கறையான் பாதையைத் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் அடிச்சேன். மறுபடி வருது. சரியான மருந்து எது?

பாதையைத் தட்டினால் வேறு வழி கட்டும். கூட்டம் மண்ணில் இருக்கிறது; மருந்தும் மண்ணுக்குத்தான் போக வேண்டும். சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓர் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, துளைக்கு 1 லிட்டர் வரை மருந்துக் கரைசலைச் செலுத்தி, சிமெண்டால் அடைப்பது முறை. இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்து என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. நிலைக்கால் சுவரைத் தொடும் இடத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக 6 மி.மீ. துளையைக் கீழ்நோக்கிச் சாய்வாகப் போட்டு மருந்து விடுவார்கள். மருந்து அடிக்கும்வரை பாதைகளை அப்படியே விடுங்கள். எங்கிருந்து வருகிறதென்று காட்டுவது அவைதான்.

கிணறு, கைப்பம்பு, மீன் விடும் குட்டை இவற்றை ஒட்டி மருந்து இறக்கவே கூடாது. டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் சில அடியிலேயே நிற்கும். தூணை ஒட்டி நெல் மூட்டை, விறகு, பழைய பேப்பர் அடுக்குவதையும் நிறுத்துங்கள். அதற்குப் பின்னால்தான் கறையான் நிம்மதியாக வேலை பார்க்கும்.

வண்டுக்கு வேறு மருந்து: 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பெயிண்டோ எண்ணெயோ இல்லாத வெறும் மரத்தில் தூரிகையால் இரண்டு மூன்று முறை ஊறவிடுங்கள். மழையில் நனையும் மரத்தில் இது கரைந்து போய்விடும். காய்ந்ததும் மேலே எண்ணெய்ப் பூச்சு கட்டாயம்.

7. தூணோட அடி ஒரு முழம் மட்டும் கெட்டிருக்கு. தூணை எடுக்காம சரி பண்ண முடியுமா?

முடியும். முதலில் அந்தத் தூண் தாங்கும் இடத்துக்கு மேலுள்ள ஓடுகளை இறக்கிவிடுங்கள். சீமை ஓடு (மங்களூர் ஓடு) ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல்; 100 சதுர அடிக்கு சுமார் 140 ஓடு; அத்தனை பாரத்தோடு ஜாக்கி வைப்பது வம்பு. தூணுக்கு இருபுறமும் ஓர் அடி தள்ளி, உத்திரத்துக்கு அடியில் கனமான பலகை கொடுத்து இரண்டு ஜாக்கி முட்டு நிறுத்துங்கள். தரையிலும் ஒன்றரை அடிச் சதுரப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் டைல்ஸ் உடைந்து முட்டு இறங்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் திருகாகத் திருகி, தூண் தளரும்வரை மட்டும் தூக்கவேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தூக்கினால் பக்கத்துத் தூண், சுவர், ஓடு எல்லாம் அசையும்.

1ஆம் கேள்வியில் போட்ட சாக்பீஸ் கோட்டுக்கு மேலே மூன்று அங்குலம் நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டுங்கள். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியிருக்கும். வெட்டிய உயரம் முக்கால் அடிக்குள் என்றால் அதே உயரத்துக்குக் கருங்கல் வைத்துவிடலாம். அதற்கு மேல் என்றால் அதே சாதி, நன்றாகக் காய்ந்த பழைய மரத்தால் ஒட்டுப் போடவேண்டும்: பழைய தூணிலும் புதுத் துண்டிலும் பாதிப் பாதி கனத்தைச் சீவி ஒன்றோடொன்று பொருத்துவது. ஒட்டின் நீளம் தூண் கனத்தைப் போல் மூன்று மடங்கு. ஆறு அங்குலத் தூணுக்கு ஒன்றரை அடி. நான்கு 12 மி.மீ. எவர்சில்வர் போல்ட்டால் இறுக்கி, தலைகளை உள்ளடக்கி மரக்குச்சியால் மூடலாம். பசையை மட்டும் நம்பி ஒட்டும் ஆசாரியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடி வெட்டுமுகத்தில் எண்ணெயை உறிஞ்சும்வரை தடவி, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஈயத் தகடோ தார் ஷீட்டோ வையுங்கள். தகடு மரத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் அதுவே தண்ணீர் பிடிக்கும் தட்டாகிவிடும். பல பழைய தூண்களில் அடியில் ஒரு முளை விட்டுக் கல்லின் குழியில் இறக்கியிருப்பார்கள். புதுக் கல்லிலும் அது வேண்டும், தூண் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அதுதான். மர முளைக்குப் பதில் எவர்சில்வர் கம்பி போடுங்கள்.

8. கைமரத்தோட நுனி மட்டும் உதிருது. முழுக் கைமரத்தையும் மாத்தணுமா?

நுனி ஓர் அடிக்குள் கெட்டிருந்தால், பக்கத்தில் அதே கனத்தில் துணைக் கட்டை சேர்த்தால் போதும். கெட்டதை அறுத்துவிட்டு, வெளியே நீட்டும் நீளத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு உள்ளே நல்ல மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஓர் அடி நீட்ட இரண்டடி உள்ளே. 10 மி.மீ. போல்ட் மூன்று, ஒரே நேர்கோட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக; ஒரே கோட்டில் போட்டால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். பனங்கைமரத்தில் போல்ட் கறுப்பு நார் உள்ள வெளிப்பகுதியையும் பிடிக்கும்படி போடவேண்டும். உள்சோற்றுப் பகுதி எதையும் தாங்காது.

ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) மாற்றும்போது இடைவெளியை இன்னொரு வீட்டுக் கணக்கில் போடாதீர்கள். உங்கள் ஓட்டில் பத்தை வரிசையாகக் கோத்து அளந்து பத்தால் வகுத்துப் போடுங்கள். சீமை ஓட்டில் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். உத்திர முனை சுவருக்குள் போகும் இடத்தைப் பூசும்போது பக்கங்களிலும் தலையிலும் அரை அங்குலம் காலியாக விடச் சொல்லுங்கள். கொத்தனார் அழகுக்காக அடைக்கத்தான் பார்ப்பார்.

9. எல்லா ஓட்டையும் மாத்தியாச்சு, முற்றத்து மூலையில இன்னும் ஒழுகுது.

ஓடு குற்றமில்லை, கூடல்வாய். இரண்டு கூரைச் சரிவின் தண்ணீரும் அங்கே ஒன்றாகச் சேர்கிறது. அடியில் போட்ட தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், அல்லது இலை அடைத்துத் தண்ணீர் தகரத்தின் ஓரத்தைத் தாண்டி வழியும். புதுத் தகடு இரண்டடி அகலமாவது வேண்டும். இருபுறமும் ஓட்டுக்கு அடியில் ஆறு அங்குலம் போய், ஓரம் மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும். நடுவில் ஆணி அடிக்கவே கூடாது. நீளத்தில் இணைக்க நேர்ந்தால் மேல் தகடு கீழ் தகட்டின்மேல் முக்கால் அடி ஏறி நிற்கட்டும். கூடல்வாயைப் புரட்டாசியில் ஒரு முறை, மழை நடுவே ஒரு முறை கூட்டிவிடுங்கள்.

10. மரத்துக்கு என்ன எண்ணெய் போடுறது? வேப்பெண்ணெயா, முந்திரி எண்ணெயா, வண்டி ஆயிலா?

கைக்கும் கண்ணுக்கும் படும் தூண், திண்ணை, ஊஞ்சல் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய், கடையில் ‘டபுள் பாயில்டு’ என்று கேட்டு வாங்குங்கள். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி, அடுத்த இரண்டுக்கு எண்ணெய் மட்டும். பூசி அரை மணியில் மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசுபிசுத்துத் தூசி பிடித்துக் கறுப்புப் பூஞ்சணம் வரும். பூச்சுக்குப் பூச்சு இரண்டு மூன்று நாள். எட்டடி உயரம், இரண்டடி சுற்றளவுத் தூண் 16 சதுர அடி. 1 லிட்டர் ஆறு தூணுக்கு ஒரு பூச்சு வரும், வறண்ட மரமானால் ஐந்து. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியில் விரித்துப் போடுங்கள்.

முந்திரி ஓட்டு எண்ணெய் நாட்டுப் படகுக்கும் கூரை மரத்துக்கும் பூசும் பழைய சரக்கு. கைமரம், ரீப்பர், உத்திர முனைக்கு மிக நல்லது. கறுத்துப்போகும், காய நாளாகும், தோலில் பட்டால் புண்ணாகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வேப்பெண்ணெய் காய்ந்து படலமாகாது, மழைக்கு நிற்காது. கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம்: காயாது, வேட்டியில் ஒட்டும், உடம்புக்குக் கெடுதல், அதன்மேல் பின்னால் எந்தப் பெயிண்டும் பிடிக்காது.

11. எனாமல் பெயிண்ட் அடிச்சா எண்ணெயே வேண்டாமே?

உலர்ந்த மரத்தில், நாலாபுறமும் விரிசலில்லாமல் இருந்தால் எனாமல் நல்ல காப்பு. அடியில் ஈரம் ஏறும் தூணில் அடித்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். 4ஆம் கேள்வியில் உள்ளதைச் சரிசெய்யாமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பழைய பெயிண்டைச் சுரண்டும்போது கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாதென்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர் தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

12. தூண்ல மேலிருந்து கீழ வரைக்கும் வெடிப்பு. விழுந்துடுமா?

நீளவாக்கு வெடிப்பு மரம் காய்ந்ததால் வருவது. தூண் அதனால் விழாது. நாருக்குக் குறுக்கே போகும் வெடிப்பு ஆபத்து, அதுவும் உத்திரத்தின் அடிப்பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே முட்டுக் கொடுங்கள். நீள வெடிப்பில் கெட்டியான பசையை அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது பசை நெருக்கி வெடிப்பை அகலமாக்கும். தண்ணீர் தேங்கும்படி வாய் மேலாக இருந்தால் மட்டும் அதே மரத்தில் மெல்லிய சீவல் செதுக்கி ஒருபக்கம் மட்டும் ஒட்டுங்கள்.

13. கார்த்திகையில கதவு நிலையில மாட்டிக்கிது. இழைச்சிடலாமா?

தை வரை பொறுங்கள். மழையில் இழைத்த கதவு சித்திரையில் விரல் நுழையும் சந்து காட்டும்.

14. தோட்டத்துப் பக்கம் தேக்குப் பலகைத் தளம் போட்டு எட்டு வருஷம் ஆச்சு. பலகை சாம்பலாயிடுச்சு, ஆணி தலை தூக்குது.

சாம்பல் நிறம் அழுகல் இல்லை, வெயில் மேல்தோலை வெளுத்தது. தென்னைநார் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். ஆணியைச் சுற்றிய கறுப்புக் கறைக்கு 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம், கையுறையோடு. நன்றாகக் கழுவிவிட வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், நாரைக் கிளப்பிவிடும்.

தூக்கிய ஆணியை அதே துளையில் திரும்ப அடிப்பது வீண். பிடுங்கிவிட்டு, ஓர் அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள். பலகைக்குப் பலகை 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் ஈரம் தங்குவது அங்கேதான். இரண்டு பலகையைக் கழற்றி அடியிலுள்ள தாங்குசட்டத்தை 1ஆம் கேள்வி முறையில் குத்திப் பாருங்கள். பலகை போனால் பலகையோடு போகும், சட்டம் போனால் தளமே போகும். ஓர் அங்குலப் பலகைக்குச் சட்ட இடைவெளி 16 அங்குலத்தைத் தாண்டினால் நடக்கும்போது தொய்யும். சட்டம் தரையில் நேரடியாகப் படுக்காமல் கல் துண்டு மேல் நிற்கட்டும். வீட்டுக்குள் மச்சுப் பலகை கிறீச்சிடுவதற்கும் காரணம் தளர்ந்த ஆணிதான். அங்கேயும் ஸ்க்ரூ போதும்.

15. எங்க வீடு கடற்கரையிலேர்ந்து கிட்ட. ஆணி, கொக்கி எல்லாம் ரெண்டு வருஷத்துல துருப்பிடிக்கிது.

வேதாரண்யம், தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் உப்புக் காற்றில் சாதா இரும்பு நிற்காது. 316 தர எவர்சில்வர் கேளுங்கள்; 304 தரத்திலும் கடலோரத்தில் பழுப்புக் கறை வரும். பித்தளை ஸ்க்ரூவும் நல்லதுதான், ஆனால் மென்மையானது. முதலில் துளை போடாமல் திருகினால் தலை முறியும்.

16. கஜா புயல்ல விழுந்த தென்னையை அறுத்துப் போட்டிருக்கோம். கைமரத்துக்கு ஆகுமா?

2018 நவம்பர் 16 புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி வராத ஊரில்லை. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட மரத்தின் அடிப்பகுதியில், வெளிவட்டத்தில் அறுத்த கனமான கட்டை மட்டும் ஆகும், அதுவும் கூரைக்குள்ளே நனையாத இடத்தில். நடுப்பகுதிச் சோறு எதற்கும் உதவாது. இத்தனை வருடம் வெளியில் நனைந்து கிடந்திருந்தால் அடுப்புக்குத்தான். நல்லதாக இருந்தால் 6ஆம் கேள்வியின் வெங்காரக் கரைசலைக் கொடுத்து, ரீப்பருக்கோ துணைக் கட்டைக்கோ பயன்படுத்தலாம். நீண்ட உத்திரத்துக்கு வேண்டாம்.

புயலை நினைத்துப் பயப்படுகிறவர்கள் இறவாணத்து முதல் இரண்டு வரிசை ஓட்டைச் செம்புக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவைக்கலாம். காற்று பிடுங்கித் தூக்குவது ஓரத்திலிருந்துதான்.

17. கூடத்து உத்திரத்துல ஊஞ்சல் கொக்கி இருக்கு. பேரன் பேத்தியெல்லாம் வந்து ஆடினா தாங்குமா?

ஊஞ்சல் சும்மா தொங்கும்போது உள்ள பாரம் வேறு, ஆடும்போது உள்ள பாரம் வேறு. 45 பாகை வரை ஏறி இறங்கினால், கீழே வரும் கணத்தில் சங்கிலியில் இழுப்பு ஏறத்தாழ 1.6 மடங்காகும். பலகையோடு சேர்த்து 250 கிலோ என்றால் 400 கிலோ. அதோடு முன்னும் பின்னும் இழுக்கும்.

கொக்கி உத்திரத்தைத் துளைத்து மேலே வாஷரும் நட்டும் போட்டதா, கீழிருந்து வெறும் திருகாணியா என்று பரணிலிருந்து பாருங்கள். திருகாணியானால் இன்றைக்கே கழற்றிவிட்டு, மேலே மூன்று அங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்த முழுப் போல்ட் போடுங்கள். கொக்கியும் வளையமும் உரசும் இடத்தில் கனம் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். துளையைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் இறங்கினால் ஊஞ்சலைக் கழற்றுங்கள், யார் வந்தாலும் சரி.

18. உத்திரம் நடுவுல தொய்ஞ்சிருக்கு. ஜாக்கி வச்சு நேராக்கிடலாமா?

நேராக்க முயலாதீர்கள். வருடக்கணக்கில் பாரம் தாங்கிய மரம் அந்த வளைவிலேயே உறைந்திருக்கும். திடீரென்று தூக்கினால் அடிநார் பிளக்கும், மேலே ஓடும் சுவரும் வெடிக்கும். இரு முனையிலும் நூல் கட்டி நடுவில் இடைவெளியை அளங்கள். பத்தடி உத்திரத்தில் அரை அங்குலம் வரை சாதாரணம். அளவைத் தேதியோடு சுவரில் எழுதி, தையிலும் ஆடியிலும் திரும்ப அளந்து பாருங்கள்.

அளவு மாறாமல் இருந்து, முனைகள் 1ஆம் கேள்விச் சோதனையில் தேறினால் விட்டுவிடலாம். கூடிக்கொண்டே போனாலோ, குறுக்கு வெடிப்பு இருந்தாலோ நடுவில் கல் பாதத்தோடு ஒரு தூண் கூடுதலாக நிறுத்துவது எளிய வழி. அந்தத் தூணுக்கு அடியில் வெறும் தரை போதாது. இரண்டடிச் சதுரத்தில் கெட்டித் தரை வரை தோண்டிக் கான்கிரீட் போட்ட பிறகே பாரம் ஏற்ற வேண்டும், டெல்டாக் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்பும். கூடத்துக்கு நடுவில் தூண் வேண்டாம் என்றால் உத்திரத்தின் இருபக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் முடுக்கலாம். அதன் கனத்தைக் கட்டடப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும், ஆசாரியின் கண்ணளவு போதாது.